கழனித் தண்ணீரும் வடிவின் முடியும்

துவைக்கிற கல்லின் மேல் வடிவு உட்கார்ந்திருக்கிறாள். முட்டியைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து. நான் பக்கத்தில் நின்று, அரிசி களைந்து புளிக்கவைத்த கழனித் தண்ணீரைச் செம்பில் மொண்டு அவள் தலையில் விடுகிறேன். புளித்த வாடை மூக்கில் ஏறுகிறது. தண்ணீர் அவள் காதோரம் வழிந்து, கல்லில் இறங்கி, கிணற்றடிச் சாக்கடைக்குப் போகிறது. முடியும் அதோடு போகிறது. கொத்துக் கொத்தாக.

"எக்கா, போவுதா?"

"ஒண்ணும் போவல. அழுக்குதான் போவுது. நீ தலைய ஆட்டாம இரி."

பொய். கால் கட்டைவிரலால் அந்த முடியைச் சாக்கடை ஓட்டைக்குள் தள்ளிக்கொண்டேதான் சொன்னேன். அவள் குனிந்திருந்ததால் என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். அந்தப் புத்திகூட அன்றைக்கு எனக்கு இல்லை.

வடிவு என் தங்கை. கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். எண்பதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரத்தில், ஆரியசாலை மிளகாய் வத்தல் மண்டிகளுக்குப் பின்னால் இருந்த வீட்டு வரிசையில் நாங்கள் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் ஒரு மண்டியில் தராசுக்கு நின்றார். மூட்டை பிரிக்கிற நாளில் தெரு முழுக்கத் தும்மும். யாராவது தும்மினால் "நூறு" என்று ஆயுசு வாழ்த்துவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆரியசாலையில் அதைச் சொல்லி மாளாது என்று நாங்கள் எப்போதோ விட்டுவிட்டோம். வடிவு வந்து தங்கிய பிறகு அவள் ஒருத்திக்கு மட்டும் விடாமல் சொன்னேன். அடுப்படியில் இருந்தாலும் கத்துவேன்.

மரச்சீனிக் காலத்து முடி

அவள் முடியைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

எங்கள் அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் சாலைக் கடைவீதிக்குப் பலசரக்குக் கடை வேலைக்கு வந்தவர். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்த அறுபதுகளில் அரிசிக்குப் பெரிய பஞ்சம். ரேஷனில் போடுகிற கொஞ்ச அரிசிக்கு அம்மா முக்காட்டைப் போட்டுக்கொண்டு விடியுமுன் வரிசையில் நிற்பாள். மற்றபடி காலையில் மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு, ராத்திரியும் மரச்சீனி. வேகவைத்தது, தாளித்தது, வெறும் உப்புப் போட்டது என்று பெயரை மாற்றி மாற்றித் தருவாள். எங்களுக்கா தெரியாது?

சோறு பொங்குகிற நாள் என்றால் அன்றைக்கு எங்களுக்குத் தலைக்குளியல். அரிசி களைந்த தண்ணீரை அம்மா ஒரு சொட்டு கீழே விடமாட்டாள். எங்கள் இரண்டு தலைக்கும் பங்கு வைத்துத் தேய்ப்பாள். "வயித்துக்குப் பத்தல. மயிருக்காவது பத்தட்டும்" என்று சொல்லிச் சிரிப்பாள். அம்மாவுக்கு வாய் கொஞ்சம் அப்படி.

எனக்கு அந்தத் தண்ணீரால் ஒரு மண்ணும் ஆகவில்லை. எலிவால்தான், இன்றைக்கும் அதுதான். வடிவுக்கோ முடி வளர்ந்தது பாருங்கள், உட்கார்ந்தால் பின்னல் தரையில் கிடக்கும். அவள் வாரி முடிக்கிற வரை நான் பள்ளிக்கூடத்துக்குக் காத்திருக்க வேண்டும். வயிறு எரியும். எத்தனையோ நாள் அந்தப் பின்னலைப் பிடித்து இழுத்திருக்கிறேன். அவளும் சும்மா விடமாட்டாள், கடித்துவைப்பாள்.

அந்த முடியைப் பார்த்துத்தான் பொன்முடியிலிருந்து அவளைப் பெண் கேட்டார்கள். மாப்பிள்ளை அருணாசலம். தேயிலை பாக்டரியில் வேலை, எஸ்டேட் லயத்து வரிசையில் வீடு. தங்கமான மனுஷன், பேச்சு மட்டும் வராது. கல்யாணம் ஆகி மலைக்குப் போன பிறகு வடிவுக்கு ஒரே குறை, அங்கே தலை காயாது. எந்நேரமும் மூடுபனி. அடுப்புப் பக்கத்தில் முடியை விரித்துப்போட்டு உட்கார்ந்திருப்பாளாம், பாதி நாள் அதற்கே சரியாகப் போய்விடுமாம். கல்லாறு வழியாக மலை இறங்கி இங்கே வருகிற நாளெல்லாம் மொட்டைமாடி வெயிலில் முடியைக் காயப்போட்டுக்கொண்டு பூனை மாதிரிக் கிடப்பாள்.

பல வருஷம் பிள்ளை இல்லை. ஒருநாள் வயிறு பெருக்க ஆரம்பித்தது. லயத்துப் பெண்கள் எல்லோரும் மாங்காயும் நெல்லிக்காயும் கொண்டுவந்து கொடுத்தார்கள். நானும் இங்கே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். அது பிள்ளை இல்லை, கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துப் பார்த்துவிட்டு, திரும்பத் தைத்து, மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். அதற்காகத்தான் வடிவு மலையிலிருந்து வந்து எங்களோடு தங்கினாள்.

தங்கம்மை சேச்சியின் தாளி

அந்த மருந்தைக் குளுக்கோஸ் மாதிரிப் பாட்டிலில் தொங்கவிட்டு ஏற்றுவார்கள். ஏற்றிக் கூட்டிவந்தால் நாலைந்து நாளைக்கு வாயில் தண்ணீர்கூடத் தங்காது. வாந்தி, வாந்தி, குடலே வெளியே வந்துவிடும் போல. அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள். ஒரு நாள் காலையில் எழுந்து, தலையணையில் அப்படியே கிடந்த முடியைப் பார்த்தபோதுதான் ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். எவ்வளவு பொறாமைப்பட்ட முடி அது!

பின்வீட்டுத் தங்கம்மை சேச்சி சத்தம் கேட்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். மலையாளத்துக்காரி. எங்களோடு இத்தனை வருஷம் இருந்து அவள் பேச்சு இரண்டும் கலந்த ஒரு தினுசாக ஆகியிருந்தது.

"கரையாதே மோளே. அந்த மருந்து பயங்கரச் சூடாக்கும். தலைக்குத் தணுப்பு கொடுக்கணும். அரிசி கழுகின வெள்ளம் எடுத்து ஒரு நாள் புளிக்க வை. எங்க வேலியில செம்பருத்தி இருக்கு, இலை பறிச்சு அதுல நல்லா கசக்கு. அதுதான் தாளி. தேய்ச்சுக் குளிச்சா முடி கேறி வரும், கேட்டோ."

எனக்கு அம்மாவே வந்து சொன்ன மாதிரி இருந்தது. கழனித் தண்ணீரில் வளர்ந்த முடி கழனித் தண்ணீரில் திரும்பி வராதா? பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ள எனக்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லை.

எங்கள் வீட்டு அரிசித் தண்ணீர் போதவில்லை. தெருவில் எல்லா வீட்டுக்கும் போய்க் கேட்டேன். எல்லா வீட்டுக் கழனியும் வழக்கமாகப் பால்காரி பாரு வீட்டுப் பசுவுக்குத்தான் போகும். வாசலில் அவள் வைத்துவிட்டுப் போகிற மண்பானையில் ஊற்றிவைப்போம், அதற்காகவே பாலில் கொஞ்சம் தண்ணீரைக் குறைத்துக் கலப்பாள். நான் அந்தப் பானையில் கைவைத்துவிட்டேன். பாரு சும்மா இருப்பாளா?

"பசுவுக்குள்ள வெள்ளம் முழுக்க நீங்க தலையில கொட்டிக்கிட்டா, அது பால் எங்கேர்ந்து தரும்?"

"என் தங்கச்சி தலை பெரிசா, உன் மாடு பெரிசா?" என்று நான் பாய்ந்தேன். பாரு திண்ணென்று நின்று என்னைப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் எட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த வடிவைப் பார்த்தாள். மறுநாளிலிருந்து அவளே நாலு வீட்டுக் கழனியை வாங்கிக் கொண்டுவந்து எங்கள் சட்டியில் ஊற்றிவிட்டுப் போனாள்.

முடி மட்டும் நிற்கவில்லை. நான் ஊற்ற ஊற்ற அது பாட்டுக்குக் கொட்டியது. கடைசியில் தேங்காய் மாதிரி ஒரு தலை. வடிவு ஈரிழைத் துண்டை எடுத்துத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் நான் பூ கிள்ளிக் கொடுக்கும்போது அவள் தன் பங்கை வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். சுமங்கலிப் பெண், பூவை எங்கே வைப்பாள்?

"ரெண்டு விரல்கடை வளந்தாப் போதும் எக்கா. கொண்டை ஊசி குத்திப் பூ நிக்கும். அதுக்கு மேல எனக்கு வேண்டாம்."

"மருந்து போதும்"

ஆடியில் வருகிற கர்க்கடக மழைக்கு முன்னால் ஒருநாள் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் வந்து பார்த்தார். கையை வைத்து வயிற்றை அமுக்கினார். என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். பிறகு வடிவிடம் வந்து, "மருந்து போதும். வீட்டுக்குப் போகலாம். இஷ்டமுள்ளது எல்லாம் சாப்பிடணும்" என்று தோளைத் தட்டினார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மருந்து போதும் என்றால் நோய் போய்விட்டது என்றுதானே அர்த்தம்? காய்ச்சல் போனால்தானே மாத்திரையை நிறுத்துவார்கள்? ஆட்டோவில் வரும்போது வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். என் வீட்டுக்காரர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் எப்போதும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கழனித் தண்ணீரை நான் நிறுத்தவில்லை. ஓணத்துக்கு வாசலில் அத்தப்பூக் கோலம் போட ஆரம்பித்த சமயம், கிணற்றடியில் தாளி தேய்த்துக்கொண்டிருந்தபோது உள்ளங்கையில் என்னவோ குறுகுறுத்தது. துண்டால் துடைத்து வெயிலில் பார்த்தேன். பிறந்த பிள்ளைக்கு இருக்குமே, அந்த மாதிரிப் பூனைமுடி. தலை முழுக்க!

"சேச்சீ! ஓடி வாங்க, முடி வந்துட்டுது!"

நான் போட்ட கூச்சலில் தெருவே கிணற்றடிக்கு வந்துவிட்டது. தங்கம்மை சேச்சி குலவை போட்டாள். பாரு, "எண்ட பசுவுக்குள்ள புண்ணியம்!" என்றாள். ஆளாளுக்குத் தடவிப் பார்த்தார்கள். வடிவு தலையில் கையை வைத்து ஒரு தடவை முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்தாள். பிறகு துண்டை எடுத்துப் பழையபடி கட்டிக்கொண்டாள். வெட்கம் போல என்று நினைத்தேன்.

அப்புறம் எனக்கு வந்த மவுசைக் கேட்கவேண்டுமா? ஆரியசாலையில் முடி கொட்டுகிற பெண்கள் எல்லாம் டம்ளரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மண்டி முதலாளி வீட்டம்மாளே ஆள் அனுப்பிக் கேட்டாள். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாடம் நடத்துவேன். எந்தத் தண்ணீர், எவ்வளவு நேரம், எவ்வளவு இலை. என் எலிவாலை வைத்துக்கொண்டு!

நான் எழுதிவரும் இந்த நினைவுகளை வாசித்துவரும் ஒரு சகோதரி, அந்தக் காலத்தில் அரிசித் தண்ணீரைத் தலைக்கு எப்படிப் பக்குவம் செய்வீர்கள் என்று ஆசையாகக் கேட்டிருக்கிறார். இப்போது எல்லோரும் அதைத்தான் தேய்க்கிறார்களாமே. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு என்ன தெரியும், பாவம். பக்குவத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நர்ஸ் சொன்னது

வடிவுக்கு ராத்திரியில் வயிற்றுவலி. அது தையல் வலி என்று நான் நானாகவே முடிவு செய்துகொண்டேன். மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து ஏற்றுகிற வார்டில் இருந்த ஒல்லியான நர்ஸ் என்னை அடையாளம் கண்டு சிரித்தாள். என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

"சிஸ்டர், என் தங்கச்சிக்கு முடி திரும்ப வந்துட்டுது! நல்லா அடர்த்தியா! எல்லாம் அரிசித் தண்ணி. இங்க எல்லார்க்கும் சொல்லுங்க, பாவம் எல்லாம் மொட்டைத் தலையா இருக்குதுக."

அவள் சிரிப்பு நின்றது. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"சேச்சி, அது அரிசி வெள்ளத்துனால இல்ல. மருந்து நிறுத்தினா முடி தானே வரும். எல்லார்க்கும் வரும்."

"அப்படியா? சரி, வந்தாச் சரிதான். நோய் போனதாலதானே மருந்த நிறுத்தினாங்க?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, மடித்திருந்த போர்வையைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். என்னைவிட ரொம்பச் சின்னவள். 

 மாத்திரையை வாங்கினேனா, பஸ்ஸில் வந்தேனா, நடந்தேனா, ஒன்றும் ஞாபகம் இல்லை. வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் டம்ளரோடு நின்றது ஞாபகம் இருக்கிறது. "போங்க, எல்லாரும் போங்க" என்று கத்தினேன். பயந்து போய்விட்டார்கள்.

நேரே மண்டிக்குப் போனேன். என் வீட்டுக்காரர் தராசில் வத்தல் மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியும், இல்ல?"

எதைக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"மருந்து கேக்கலைன்னு டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரு. உடம்பு முழுக்கப் பரவிட்டுதாம். அருணாசலத்துக்கும் தெரியும். நீ அந்தச் சட்டியத் தூக்கிக்கிட்டு ஓடுறதப் பாத்தா எனக்குச் சொல்ல வாய் வரல."

"தெருவுல எல்லாருக்கும் நான் வைத்தியம் சொன்னேனே! பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க!"

வத்தல் நெடியில் இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். அங்கே நின்று யார் அழுதாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

வீட்டுக்கு வந்தேன். அடுப்படி மூலையில் அந்தச் சட்டி. தூக்கிச் சாக்கடையில் எறிந்துவிடலாம் என்று எடுத்தேன்.

"எக்கா, இன்னிக்குத் தலைக்கு வைக்கலையா?"

வடிவு துண்டை அவிழ்த்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். 

"உனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதாக்கும்" என்றாள்.

நான் சட்டியைக் கீழே வைத்தேன்.

"எனக்கு அடுத்த கட்டில்ல செங்கோட்டைக்காரி ஒருத்தி இருந்தாளே, நினைவிருக்கா? அவளுக்கும் மருந்து போதும்னாங்க. முடி வந்திச்சு. ஒரு நாள் பாக்க வந்தா, எல்லாருக்கும் காட்டிக்கிட்டே போனா. அதுக்குப் பொறவு அவ புருசன்தான் ஒத்தையா வந்தான். என் தலையில முடி மொளைச்ச அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"பாவி, ஏன்டி எங்கிட்டச் சொல்லல? நான் பைத்தியக்காரி மாதிரி ஊத்திக்கிட்டு..."

"நல்லாத்தானே இருந்திச்சு. எல்லாரும் எம் பக்கத்துல வந்து மூக்க உறிஞ்சுதாவ. நீ தண்ணி ஊத்துற நேரம் மட்டுந்தான் கூட்டமா நின்னு சிரிச்சாவ." அவளாகவே போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். "ஊத்து. இன்னிக்கு நாத்தம் கொஞ்சம் கூடுதல்."

ஊற்றினேன். அன்றைக்கு அவள் குனிந்தது நல்லதாகப் போயிற்று. என் மூஞ்சியை அவள் பார்க்கவேண்டியிருக்கவில்லை.

கல்லாற்றில்

மலைக்குப் போகவேண்டும் என்றாள். அருணாசலம் வந்து கூட்டிப்போனார், நானும் கூடப் போனேன். சாலைக் கடைவீதியில் வாங்கிய பிச்சிப்பூ வாழையிலையில். ஒரு பாட்டிலில் கழனித் தண்ணீர். ஏன் எடுத்துப்போனேன் என்று கேட்காதீர்கள். கை எடுத்து வைத்துவிட்டது.

கல்லாற்றில் பஸ் நின்றது. டீக்கடையில் ரசம் போன ஒரு கண்ணாடி தொங்கியது. வடிவு அதன் முன் நின்று துண்டை அவிழ்த்தாள். "இப்ப வச்சுப் பாரு எக்கா" என்றாள். ஒரு கிள்ளுப் பூவை ஊசி குத்தி வைத்தேன். சறுக்கியது. இன்னொரு ஊசி குத்தினேன். நின்றது. அவள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள். "நிக்குது பாருங்க" என்று அருணாசலத்திடம் காட்டினாள். அந்த மனுஷன் டீக் கிளாஸை வைத்துவிட்டு ஆற்றுப் பக்கம் போய்விட்டார்.

அதற்கு மேலே வளைவுகள். மூன்றாவதோ நாலாவதோ வளைவில் என் பையிலிருந்து டப்பென்று ஒரு சத்தம். புளித்த தண்ணீர் பொங்கி, கார்க்கைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. பஸ் முழுக்க நாற்றம். கண்டக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார்.

"சேச்சி, பையில எந்தா? கள்ளா?"

வடிவு சிரித்தாள் பாருங்கள்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "ஆமா, எங்கக்கா கள்ளு காய்ச்சுதா, பிடிச்சிட்டுப் போங்க" என்றாள். பஸ்ஸே சிரித்தது. பூ விழவில்லை.

பக்குவம்

மார்கழிக் குளிரில், லயத்து வீட்டில், என் மடியில் தலையை வைத்தபடி போய்ச் சேர்ந்தாள். கடைசி நாட்களில் அவள் பட்ட வேதனையை எழுதமாட்டேன். கடவுள் என்று ஒருவர் இருந்தால் அவருக்கு மட்டும் அது தெரிந்தால் போதும்.

எண்ணெயும் சீயக்காயும் தொட்டுவைத்துக் குளிப்பாட்டினோம். மலையில் தலை காயாதே என்று நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். யாரோ, "போதும்மா" என்று என் கையைப் பிடித்தார்கள். கருகருவென்று அப்படி ஒரு முடி. சுருட்டை வேறு. அவளுக்கு முன்னால் சுருட்டையே கிடையாது.

கீழேயிருந்து பஸ்ஸில் வந்த பூவைக் கையில் எடுத்தேன். எங்கள் தென்காசிப் பக்கத்துக்காரி, தேயிலைக் கொழுந்து கிள்ளுகிற பெண் ஒருத்தி, பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். வடிவின் முடியை மெதுவாகத் தொட்டாள். என் காதருகில் வந்து கேட்டாள்.

"தப்பா நெனக்காதியக்கா. எம் மவளுக்கு முடியே நிக்க மாட்டேங்குது. இவுகளுக்கு இப்படி வந்திருக்கே, என்ன வச்சிய?"

ஓங்கி அறைந்திருப்பேன். கை தூக்கவும் செய்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் மகளுக்காகக் கேட்கிறாள்.

"அரிசி களஞ்ச தண்ணி" என்றேன். "முதத் தண்ணியக் கொட்டிரு, அதுல தவிடும் தூசியுந்தான். ரெண்டாவது தண்ணிய, அரிசிய நல்லா அலசி எடு. மண்சட்டியில ஒரு நாள் புளிக்க விடு. செம்பருத்தி எலயக் கசக்கிப் போட்டு, நுரை வந்த பொறவு தேயி. வெயில் இருக்கும்போது தேயி. இல்லாட்டித் தடுமன் பிடிக்கும்."

அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

"இங்க செம்பருத்தி கிடையாதே. எல போடாட்டா வளராதாக்கா?"

"போடாட்டாலும் வளரும்" என்று சொல்லிவிட்டு, ஊசியைக் குத்திப் பூவை வைத்தேன். ஒரே ஊசியில் நின்றது.